புழு தொடாத பெனியன்

மாத்தளை மாவட்டத்திலேயே மனிதர்களைவிட மண்ணிடம் அதிகம் நலம் விசாரித்தவர் பல்லேபொல மண் நானாதான். கல்யாண வீட்டுக்கு வந்தாலும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, பந்தல்கால் குழியில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். "புளிப்புக் கூடிப் போச்சி, கொஞ்சம் டொலமைட் போடுங்க" என்று பெண்ணின் வாப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு உட்காருவார். சேர்ட் பையில் பேனா இருக்காது; மண்ணின் புளிப்புப் பார்க்கும் கடதாசிக் கீற்றுகள்தான்.

என் மிளகுக் கொடிகள் மஞ்சளடித்தபோது அவரிடம்தான் ஓடினேன். இருந்ததே அறுபது கொடி. என் வருமானமும் அதுதான், வாய்ச்சவடாலும் அதுதான்.

"தம்பி, நல்ல பருத்தி பெனியன் ஒண்ட தோட்டத்துல பொதைங்க. மண்ணுல உசிரு இருந்தா ரெண்டு மாசத்துல அதத் தின்னுரும்."

நல்ல பெனியனைப் புதைக்க எனக்கு மனம் வருமா? அலமாரியின் அடியில் கிடந்த ஒன்றைப் புதைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து நானா வந்து தோண்டினார். உதறிப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போகலாம், பெனியன் அப்படி இருந்தது. நானா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒங்கட மண்ணு மவுத்தாப் போச்சி தம்பி. ஒரு புழு வாய் வைக்கல்லயே!"

செத்த மண்ணில் கொடி எதற்கு? பிடுங்கிவிடுவதென்று மம்பட்டியை எடுத்தேன். அப்போதுதான் என் மனைவி பெனியனைத் தூக்கிப் பார்த்தாள்.

"நானா, இது நைலோன்! பஸ் ஸ்டாண்ட்ல மலிவுன்னு மூணு வாங்கிட்டு வந்தாரு. புழுவுக்காவது புத்தி இருக்கு."

நானா எழுந்து பலாமரத்துக்குப் பின்னால் போனார். சேர்ட் பொத்தானைப் போட்டபடி, தன் பெனியனைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"இது அசல் பருத்தி. ஒங்கள நம்பி இனி ஒண்டும் பொதைக்க ஏலா."

தானே குழி வெட்டிப் புதைத்தார். குழியில் தண்ணீர் ஊறுவதைக் கண்டு, கொடிகளுக்கு நடுவே வடிகானும் வெட்ட வைத்தார். அடுத்த இரண்டு மாதமும் வெள்ளி தவறாமல் ஜும்ஆ முடிந்து வந்து, என்னைத் தாண்டிப் போய்க் கொடிகளைப் பார்த்தார். புதுத் தளிர் பச்சையாக வந்தது.

கடைசி வெள்ளியன்று தோண்டினால், தையல் நூலும் கழுத்துப் பட்டியும் மட்டுமே மிச்சம். நானா அந்தக் கந்தலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, "உசிரோட இருக்கு தம்பி!" என்று றோட்டுக்கே கேட்கக் கத்தினார்.

என் இ.சி.ஜி. நல்லபடியாக வந்த அன்றுகூட எனக்காக யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.