கல்லுக்குட்டைப் போரும் மூன்று நாள் முகாமும்

ஒரு காட்டில் கல்லுக்குட்டை என்று ஒரு குட்டை இருந்தது. கோடையில் சுற்றுவட்டாரத்திலேயே தண்ணீர் நிற்பது அங்கே மட்டும்தான். காலையில் மான்கள் வந்து குடிக்கும். வெயில் தாழ்ந்ததும் காட்டுப்பன்றிகள் வந்து குடித்துவிட்டு, கொஞ்சம் புரண்டுவிட்டுப் போகும். பல கோடைகளாக ஒரு சச்சரவும் இல்லை.

பிறகு காட்டுக்கு செல்போன் கோபுரம் வந்தது.

ஒரு நாள் மைனா ஒன்று மான்களின் குழுவுக்கு ஒரு வீடியோ அனுப்பியது. அதில் ஒரு பன்றி குட்டையின் நடுவில் நின்று, "இந்த வருஷம் மான்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கிடையாது" என்று சிரித்தது. அதே மைனா பன்றிகளின் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியது. அதில் ஒரு மான், "சேத்துல புரள்ற கூட்டத்தைக் குட்டைப் பக்கமே விடக் கூடாது" என்று கத்தியது.

"எங்கிருந்து வந்தது இது?" என்று மைனாவைக் கேட்டார்கள்.

"எனக்கு வந்துச்சு, அனுப்பினேன். நான் என்னத்தைக் கண்டேன்?" என்றது மைனா. சொல்லிவிட்டு இன்னும் நான்கு குழுக்களுக்கு அனுப்பியது.

இரண்டே நாளில் இரு தரப்புக்கும் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் குட்டைக்கரையில் யாரோ முட்டித் தள்ளியதில் ஒரு மான்குட்டிக்குக் கால் பிசகியது. மான்களின் தலைவி முத்துவடிவு, "இனி சண்டைதான்" என்றாள். பன்றிகளின் தலைவர் கொம்பையாவும் அதையே சொன்னார்.

செய்தி காட்டு அலுவலகத்துக்குப் போனது. அங்கே பெரிய அதிகாரியாக இருந்த யானை, காதை ஆட்டியபடி யோசித்தது. "இதெல்லாம் அறியாமையால் வருவது. மூன்று நாள் இணையப் பாதுகாப்பு முகாம் நடத்துங்கள்" என்று உத்தரவிட்டது. பாடம் எடுக்க எறும்புத்தின்னி சுருளியாண்டி நியமிக்கப்பட்டார். இலை அசைந்தாலே பந்தாகச் சுருண்டுகொள்பவர் அவர். பாதுகாப்பைப் பற்றி அவரைவிட அறிந்தவர் யார் என்று அலுவலகம் நினைத்தது.

முகாமுக்கு இரு தரப்பும் வந்து ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். முதல் நாள் பாடம், பொய் வீடியோவைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது. சுருளியாண்டி அதே வீடியோவைத் திரையில் போட்டு நிறுத்தினார்.

"நல்லாப் பாருங்க. இந்தப் பன்றிக்கு எத்தனை கால்?"

எண்ணினார்கள். ஐந்து இருந்தது.

"இப்ப என்ன புரியுது?"

முத்துவடிவு எழுந்தாள். "நாலு காலால இவ்வளவு சேறு ஆக்க முடியாதேன்னு அப்பவே நினைச்சேன் வாத்தியாரே."

மான்கள் எல்லாம் தலையாட்டின. பன்றிகளில் பாதி தூங்கிவிட்டிருந்தன. சுருளியாண்டி அன்றைய பாடத்தை அத்துடன் முடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் பாடம் கடவுச்சொல். அன்று ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. போடப்போகும் போர்த் திட்டத்தை எதிரி பார்த்துவிடாமல் எப்படிப் பூட்டுவது என்று இரு தரப்பும் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"பன்னிரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. நடுவில் எண் வேண்டும், குறியீடு வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. தெரிந்தவர் ஊகிக்கிற மாதிரி இருக்கவே கூடாது" என்றார் சுருளியாண்டி.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் கொம்பையா. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பாடத்தைத் திருப்பிச் சொல்லக் கேட்டார்.

மூன்றாம் நாள் பாடம் ஒரே வரி. "உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பெற்ற தாய் கேட்டாலும் கூடாது." அதை எல்லோரும் நூறு முறை கோரஸாகச் சொன்னார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே வியாழக்கிழமை காலை போர் என்று முடிவானது.

திட்டத்தைத் தலைவர்கள் போடவில்லை. போனிடம் கேட்டார்கள், அது நாற்பது பக்கத்துக்குப் போட்டுக் கொடுத்தது. யார் எங்கே நிற்பது, யார் முதலில் பாய்வது, எந்த வழியாக ஓடுவது எல்லாம் அதில் இருந்தது. ஒருவரும் படிக்கவில்லை. ஆனால் அருமையாகப் பூட்டி வைத்தார்கள்.

வியாழக்கிழமை காலை இரு படைகளும் குட்டையின் இரு கரைகளிலும் வந்து நின்றன. முத்துவடிவு போனை எடுத்து, திட்டத்தைத் திறக்கக் கடவுச்சொல்லை அடித்தாள். தவறு என்றது. இன்னொன்று அடித்தாள். அதுவும் தவறு. எதிர்க்கரையில் கொம்பையாவின் போனும் தவறு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

கடவுச்சொல் மறந்துவிட்டதா என்று போன் கேட்டது. இரண்டு பேரும் ஆமாம் என்று தட்டினார்கள். உங்கள் நம்பிக்கைக்குரிய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியாயிற்று என்று வந்தது.

அந்த எண்ணைக் கொடுத்தது கோபுரம் வந்த புதிதில். அப்போது காட்டில் போன் வைத்திருந்தவர்களே இரண்டு பேர்தான். முத்துவடிவு கொம்பையாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள். அவர் அவளுடைய எண்ணை.

முதலில் முத்துவடிவுதான் கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும்."

"வந்திருக்கு."

"அதைச் சொல்லுங்க. சண்டையை ஆரம்பிக்கணும்."

"சொல்லக் கூடாதும்மா. வாத்தியார் சொன்னதை நீயும்தானே கேட்டே? என்னோடது உன்கிட்ட வந்திருக்குமே, அதை நீ சொல்லேன்."

"நானும் சான்றிதழ் வாங்கியிருக்கேன் அண்ணே."

 கொம்பையா போனை வைக்கவில்லை. "அந்தக் குட்டிக்குக் கால் எப்படி இருக்கு?"

"இப்ப ஊன்றி நடக்குறான்."

"எங்க பயதான் முட்டிட்டான். வேணும்னு இல்ல, வழுக்கிட்டான். அன்னைக்கே சொல்லணும்னு இருந்தேன். போனை எடுத்தா அந்தக் குரல்பதிவுதான் கண்ணுல படுது, கோபம் வந்துடுது."

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. திட்டம் இல்லாமல் யார் எங்கே நிற்பது என்று தெரியாத படைகளுக்குத் தாகம் எடுத்தது. ஒரு மான் இறங்கியது, அதைப் பார்த்து இரண்டு பன்றிகள் இறங்கின. சற்று நேரத்தில் எல்லாரும் கலந்து குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் இருவருக்கும் கடவுச்சொல் நினைவுக்கு வந்து பூட்டுகள் திறந்தன. ஆனால் திட்டத்தில் போட்டிருந்த தேதி முடிந்துவிட்டது. புதிய திட்டத்துக்குப் புதிய பூட்டு வேண்டும். பூட்டுவது எப்படி என்பதுதான் மறந்துவிட்டது. எனவே மறுபடி ஒரு முகாம் நடத்தக் கேட்டு இரு தரப்பும் கூட்டாக மனு எழுதி, கொம்பையாவும் முத்துவடிவும் கையெழுத்திட்டு, அலுவலகத்தில் கொடுத்தார்கள்.

"பரிசீலனையில் இருக்கிறது" என்றது யானை.

நீதி: சமாதானம் என்பது, அடுத்த பயிற்சி முகாமுக்குத் தேதி கிடைக்காமல் இருக்கும் காலம்.