எலும்பு ஐயா நீட்டிய கால்

“தள்ளுங்க, தள்ளுங்க! ஐயா கூப்பிட்டுட்டார்!”

முழங்கையால் கூட்டத்தைப் பிளந்தபடி, விந்தி விந்தி முன்னேறினாள் மாமியார். பின்னால் மருமகள். அவள் தோளில் தொப்பியும் துணியுமாகச் சுற்றிய பொட்டலம்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. எலும்பு ஐயா தொட்டால் குட்டைக் கால் நீளும், கோணல் பாதம் நிமிரும். அவருடைய வழுக்கையில்தான் ஏனோ ஒரு முடிகூட நீளவில்லை. அதையெல்லாம் கேட்பவர்களுக்கு அங்கே இடமில்லை.

வீட்டில் இரட்டைக் குழந்தைகள். பேரனுக்குக் குறையில்லை. பேத்திக்குப் பிறக்கும்போதே இடது இடுப்பு மூட்டு நழுவியிருந்தது. டாக்டர் காலை அகட்டி வார்ப்பட்டை மாட்டினார். “நடுவுல கழட்டினா மூட்டு குழியில உட்காராது. அப்புறம் ஆபரேஷன்தான்” என்றும் எச்சரித்தார்.

“தவளையைக் கட்டின மாதிரி கட்டிட்டான் பாவி! கழட்டி ஐயாகிட்ட தூக்கிட்டு வா. அதுவரைக்கும் எனக்குச் சோறு வேண்டாம்” என்று மாமியார் படுத்துவிட்டாள். இன்று காலை மருமகள் திடீரென்று சரி என்றாள். மாமியாரை இடம்பிடிக்க அனுப்பிவிட்டு, பிறகு குழந்தையோடு வந்து சேர்ந்தாள்.

ஐயா இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்தார்.

“பாரு, இடது கால் ஒரு விரல் குட்டை! கர்ப்பத்துல எவன் நிழலையோ தாண்டியிருக்கே.”

“பஸ்ல வேலைக்குப் போறவ ஐயா. நிழலைத் தாண்டாம எப்படி ஏறுறது?”

“வாயை மூடுடி!” என்றாள் மாமியார்.

ஐயா கண்ணை மூடினார், ஊதினார், இழுத்தார். குதிகால்கள் சமம்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“இவ இனிமே ஓடுவா. பட்டையைக் குப்பையில போடு.”

“ஒரு நிமிஷம் ஐயா.” மருமகள் குழந்தையின் இடுப்பைப் பிடித்தாள். “அத்தை, இங்க பாருங்க. இடுப்பை இப்படிச் சாய்ச்சா குட்டை. நேராக்கினா நீளம். ஊதவே வேண்டாம், நானும் ஐயா ஆயிட்டேன்!”

சொல்லிக்கொண்டே டயப்பரை அவிழ்த்தாள். உள்ளே இருந்தவன் தன் வாக்குமூலத்தை நேராக ஐயாவின் தாடியில் பீய்ச்சினான்.

பேரன்!

“இவனுக்கு எந்தக் காலும் குட்டையில்லை அத்தை. பேத்தி பட்டையோட அவ அப்பா மடியில தூங்குறா.”

கூட்டம் சிரித்தது. ஐயா தாடியைத் துடைத்துக்கொண்டு சீறினார். “நம்பாதவங்க எதுக்கு வர்றீங்க? இது பரம்பரைக் கை! எங்கப்பா தொட்ட கால் ஒண்ணாவது வீணாப்போச்சா?”

மாமியார் தன் இடது காலை முன்னால் நீட்டினாள். செருப்புக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கட்டை வைத்துத் தைத்திருந்தது.

“நான் நிழலைத் தாண்டித்தான் நீட்டின கால் திரும்பக் குட்டையாச்சுன்னு இத்தனை நாள் நம்பிட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போய் யோசிங்க. நான் யோசிக்க அறுபது வருஷம் ஆச்சு. கைக்குழந்தையா இருந்தப்ப டாக்டர் என் கால்ல போட்ட பட்டையைக் கழட்டி எறியச் சொன்னது, இவங்கப்பாதான்.”