சாரல் அண்ணாச்சியும் பழைய கிராபிக்ஸ் கார்டும்

தென்காசியில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே மனிதரின் கைபட்டுப் பிழைத்தவை. ஓடாமல் பரணில் கிடக்கிறவையும் அதே மனிதரின் கைபட்டவைதான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. சாரல் அண்ணாச்சி என்றால்தான் ஊருக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் என்ன கோளாறு என்றாலும், மூடியைக் கழற்றும் முன்பே அவர் சொல்லுகிற காரணம் ஒன்றுதான்: "சாரல் உள்ள போயிருச்சு." ஆனி ஆடியில் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். குற்றாலத்தில் சீசன், காற்றெல்லாம் ஈரம். ஆனால் தார் ரோடு இளகுகிற சித்திரை வெயிலிலும் அதையேதான் சொல்வார். கேட்டால், "இது போன வருசத்துச் சாரல். வெளிய போக வழி தெரியாம உள்ளயே கிடக்கு" என்பார்.

கடையத்தில் ஒரு விவசாயி வீட்டுக் கம்ப்யூட்டரைக் களத்தில் கொண்டுபோய், நெல்லோடு நெல்லாகக் காயப் போட்டவர் அவர். காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த அந்த வீட்டு அக்கா, "இதையும் திருப்பிப் போடணுமா அண்ணாச்சி?" என்று கேட்டிருக்கிறாள். "ஒரு பக்கம் காயட்டும், சொல்லுதேன்" என்றாராம். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருந்த காற்றாடி சுற்றி, ஒரு கைப்பிடிப் பதர் எல்லார் முகத்திலும் அடித்தது. ஆனால் கம்ப்யூட்டர் ஓடியது. அவரை எப்படித் திட்டுவது?

அவருடைய கடை ஐந்தருவிக்குப் போகிற பாதையில் இருந்தது. அருவியில் குளிக்கப் போகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போவார்கள். யாராவது எண்ணெய்த் தலையோடு கடைப்படி ஏறினால் போச்சு. "குளிச்சிட்டு வாங்க சார். இது கம்ப்யூட்டர், அப்பளம் பொரிக்குத சட்டி இல்ல."

நான் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில் கல்யாண வீடியோ மிக்சிங் செய்கிறவள். பத்தாவது வரைதான் படிப்பு. ஆட்களோடு பேசக் கூச்சம். கம்ப்யூட்டர் நம்மிடம் நலம் விசாரிக்காது என்பதால் இந்த வேலை பிடித்துப்போனது. என் கம்ப்யூட்டரும் பழசு, அதில் இருந்த கிராபிக்ஸ் கார்டு அதைவிடப் பழசு. இரண்டும் நானும் ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

போன சீசனில் ஒரு நாள் காலை அதைத் திறந்தேன். ராத்திரி தானாகவே ஏதோ அப்டேட் ஆகியிருந்தது. ஸ்கிரீனில் ஒவ்வொரு ஐகான் படமும் ஆப்பம் அளவுக்குப் பெரிதாக நின்றது. மிக்சிங் சாப்ட்வேர், கிராபிக்ஸ் கார்டே இல்லை என்று சாதித்தது. கார்டு கண்ணெதிரே உள்ளே இருக்கிறது! அதை இயக்குகிற டிரைவர் சாப்ட்வேரில் புதுசாக வந்ததை இறக்கிப் போட்டுப் பார்த்தேன். பச்சைக் கோடு கடைசி வரை போய், அப்புறம் 'முடியவில்லை' என்று வந்தது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே.

மறுநாள் சாயங்காலம் குற்றாலத்தில் பெரிய ரிசப்ஷன். பண்பொழியில் பேர்பெற்ற குடும்பம். மாப்பிள்ளையும் பெண்ணும் அருவிக்கரையில் ஆடிப் பாடிய வீடியோவைப் பெரிய திரையில் ஓட்டவேண்டும். பாதி வேலைதான் முடிந்திருந்தது. ஸ்டூடியோ முதலாளி சத்தம் போடவில்லை. "இது மட்டும் போகலைன்னா, இனிமே மிக்சிங் எல்லாத்தையும் திருநெல்வேலிக்கே அனுப்பிருதேன்க்கா" என்றார் அமைதியாக. அதற்குச் சத்தமே போட்டிருக்கலாம். எனக்கு வேறு தொழில் தெரியாது.

சாரல் அண்ணாச்சி வந்தார். தலையில் துண்டு, கையில் ஹேர் டிரையர், சட்டைப் பையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர். கார்டைக் கழற்றி மோந்து பார்த்தார்.

"சாரல்."

ரப்பரால் அதன் பித்தளைப் பல்லைத் தேய்த்தார். ஹேர் டிரையரால் ஊதினார். மாட்டிப் பார்த்தால் அதே ஆப்பம். அவர் அசரவில்லை.

"ஏட்டி, விசயம் புரியுதா? வீட்டைக் காலி பண்ணினவன் கட்டில் பீரோ எல்லாத்தையும் உள்ளயே போட்டுட்டுப் போயிருக்கான். புதுசா குடி வாரவன் எங்கன படுப்பான்? முதல்ல பழசு எல்லாத்தையும் தூக்கி வெளிய எறியணும். அப்புறம் இந்த வயசான கார்டுக்குத் தோதா ஒரு வயசான டிரைவரைக் குடிவைக்கணும். புதுசு வந்தா இதோட பேச்சு அதுக்கு விளங்காது."

அப்படியே செய்தார். பழைய டிரைவர்களின் மிச்சம் மீதி எல்லாவற்றையும் துடைத்தார். கார்டின் வயசுக்கு ஏற்ற டிரைவரைத் தேடி இறக்கினார். உடனே நெட் கேபிளைப் பிடுங்கிப் போட்டார். "கதவைச் சாத்திட்டேன். இல்லைன்னா தானா போய்ப் புதுசைக் கூட்டியாந்திரும்." டிரைவரைப் போட்டார். ஸ்கிரீன் ஒரு தடவை கறுத்து, பளிச்சென்று வந்தது. படமெல்லாம் பழையபடி சின்னதாகி, வரிசையில் நின்றன. நான் மவுஸைக் கையில் எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா அண்ணாச்சி?"

"நல்லா நின்னு பாரும்வே."

முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே ஸ்கிரீன் கறுத்தது. திரும்ப வெளிச்சம் வந்தபோது படமெல்லாம் மறுபடியும் ஆப்பம்.

திரும்ப முதலிலிருந்து. துடைத்து, போட்டு, பளிச்சென்று வந்தது. முதலாளி டீ வாங்கிக்கொண்டு வந்தார். டீ ஆறுவதற்குள் ஆப்பம். மூன்றாவது தடவையும் சரியானது. முதலாளி வாசல் நிலையில் சாய்ந்து, ஒன்றும் பேசாமல்தான் நின்றார். அப்படியும் போய்விட்டது.

சாரல் அண்ணாச்சி கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. முதலாளியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"வே, கோளாறு மெசின்ல இல்ல. உம்ம மேல என்னமோ இருக்கு. நீரு வந்து நின்னாலே போயிருதே. நேரா ஐந்தருவிக்குப் போயித் தலையைக் குடுத்துட்டு வாரும்."

"கல்யாண வேலையைப் போட்டுட்டுக் குளிக்கப் போகச் சொல்லுதீங்களா?"

"உமக்கு வீடியோ வேணுமா, வேண்டாமா?"

முதலாளி பைக்கை எடுத்துக்கொண்டு போனார். நாலாவது தடவை டிரைவரைப் போட்டோம். நின்றது! நான் வேலையை ஆரம்பித்தேன். அண்ணாச்சி பக்கத்தில் முக்காலி போட்டு, கட்டிலில் கிடக்கிற நோயாளியைப் பார்ப்பதுபோலக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளியிடமிருந்து போன். "அண்ணாச்சி, தண்ணி கூடிருச்சாம். குளிக்கத் தடை போட்டிருக்காங்க. வந்திரவா?"

"வந்திராதேயும்! பழைய குற்றாலத்துக்குப் போம்."

அங்கிருந்து மறுபடி போன். அங்கேயும் தடை.

"அப்பப் புலியருவிக்குப் போம். தலை நனையாம இந்தப் படியில கால் வச்சீரு, நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மழைக் காலத்தில் கேபிள் நெட் அடிக்கடி போய்விடும் என்று, முதலாளியின் போனிலிருந்து நெட் எடுத்துக்கொள்ள இந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். அவர் போனில் ஹாட்ஸ்பாட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் அறைக்கு வந்தாலே கம்ப்யூட்டர் அதில் தொற்றிக்கொண்டு, பொருந்தாத புது டிரைவரை இழுத்து வந்துவிடுகிறது. அண்ணாச்சி முன்கதவைத்தான் சாத்தியிருந்தார். பின்கதவு முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது.

சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு அவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். வாயை மூடிக்கொண்டு, முதலாளியின் போன் பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்து சத்தமில்லாமல் அழித்தேன்.

முதலாளி சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தபோது வீடியோ தயார். அவர் உள்ளே வந்தார், நின்றார், ஸ்கிரீன் அப்படியே இருந்தது. "பாத்தீரா?" என்றார் அண்ணாச்சி. முதலாளி நிஜமாகவே கும்பிட்டார்.

மறுநாள் ரிசப்ஷனில் வீடியோ ஓடியது. பெண்ணின் தாய்மாமா இரண்டாவது தடவையும் ஓட்டச் சொன்னார். திருநெல்வேலிப் பேச்சை முதலாளி அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஆனால் படம் முடியும்வரை திரைப் பக்கமே வராமல், மண்டபத்து வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்றுகொண்டார்.

பந்தியில் அண்ணாச்சிக்குப் பக்கத்து இலை எனக்குக் கிடைத்தது. மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். "அண்ணாச்சி, அது முதலாளி போன்ல இருந்த ஹாட்ஸ்பாட்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. ஒரு வாய் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். அப்புறம், "தெரியும்ட்டி. போனை அணைச்சு வையும்னு சொன்னா அந்த ஆளு கேப்பாரா? அதான் அருவிக்கு அனுப்பினேன்" என்றார்.

பாயசம் வந்தது. அவர் இடது கையால் தன் போனை எடுத்து, என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்த ஹாட்ஸ்பாட்டை எங்கன போயி நிறுத்துவே? காட்டு பாப்போம்."

காட்டினேன். குனிந்து, கண்ணைச் சுருக்கி, இரண்டு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். "ம். சரியாத்தான் சொல்லுத" என்றார்.

நான் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு பரிமாறுகிறவரைப் பந்தியே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகக் கூப்பிட்டு, அண்ணாச்சி இலைக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னேன்.