பன்னிரண்டு பக்க நோயாளி

இந்த ஞாயிற்றுக்கிழமை உலகமே புரண்டாலும் வீட்டை விட்டு நகர்வதில்லை என்று அச்சகத்துப் பிழைதிருத்துபவர் சபதம் எடுத்திருந்தார். அன்றைக்கு உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. கூட்டாளிகள் நாலு பேர் டிவி பார்க்க வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி அதில் மண்ணைப் போட்டாள்.

“ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீடு மாத்துறா. மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யல. இரும்பு பீரோவுக்கு நீங்கதான் கை குடுக்கணுமாம்.”

அந்த பீரோவை அவருக்குத் தெரியும். அதன் கதவைத் திறக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

ஆனால் அவர் கையில் ஒரு புத்தகம் இருந்தது. ‘மனநலம்: அடிப்படைச் சொற்கள்.’ போன வாரம்தான் அச்சானது. அவசர வேலை என்றால் அச்சகத்தில் புத்தகத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். முதல் பன்னிரண்டு பக்கம் இவர் திருத்தியது. அத்தனை நோய்களின் அறிகுறியும் தலைகீழ்ப் பாடம். சிகிச்சை எல்லாம் பக்கத்து மேஜைக்காரர் பாடு.

வெள்ளிக்கிழமை காலை, மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிய மனைவியின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு சமூகப் பதற்றம்.”

“எப்பலேருந்து?”

“சின்ன வயசுலேருந்தே. நாலு பேரைப் பார்த்தா நெஞ்சு படபடங்குது. நாக்கு ஒட்டிக்குது.”

“அய்யோ பாவம், சொல்லவே இல்லையே! அந்தப் புத்தகத்தைக் குடுங்க, படிச்சுப் பார்க்கிறேன்.”

கொடுத்தார். நாள் முழுக்க உதட்டோரம் ஒரு சிரிப்பு.

சாயங்காலம் அவள் உட்காரக்கூட இல்லை.

“பதிமூணாம் பக்கம் படிச்சேன். பயந்து ஒதுங்கினா பயம் வளருமாம். தெரிஞ்சவங்க ரெண்டு பேரோட அரை மணி நேரம்னு ஆரம்பிச்சு, படிப்படியாப் பழகணுமாம். தங்கச்சி ஒண்ணு, அவ வீட்டுக்காரர் ஒண்ணு. கச்சிதமா இருக்கு. கூச்சல் போடுற கூட்டம் கடைசிப் படி. அதான் உங்க கூட்டாளிங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

அவருக்கு நிஜமாகவே நாக்கு ஒட்டிக்கொண்டது.

“ஒருவேளை இது மனச்சோர்வா இருக்கும். எதுலயும் நாட்டமில்ல.”

“அது ரெண்டு வாரமாவது விடாம இருக்கணும். நேத்துகூட மேட்ச் மேட்ச்னு குதிச்சீங்க.”

“அப்ப, கதவைப் பூட்டினோமான்னு திரும்பத் திரும்பப் பார்ப்பாங்களே, அது?”

“காலையில கதவைத் திறந்து போட்டுட்டுப் போனவர் நீங்க.”

பிறகு அவள் குரல் தணிந்தது. “கடையில என்கூட நிக்கிற பொண்ணுக்கு இந்தப் பதற்றம் நிஜமாவே இருக்கு. தினமும் கடைப்படி ஏறுறதுக்குள்ள வேர்த்துக் கொட்டும். டாக்டரைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா மீண்டு வர்றா. அவ முன்னாடி போய் உங்களுக்கும் அதேதான்னு சொல்லுவீங்களா?”

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கேன். கூட்டாளிங்களை வரச் சொல்லிடு.”

“நிஜமாவா?”

“சத்தியமா!”

அவள் உடனே ஃபோனை எடுத்தாள். கூட்டாளிகளுக்குத்தான் என்று அவர் முகம் மலர்ந்தது.

“தங்கச்சி, அத்தானுக்கு ஒண்ணும் இல்லையாம். அரை மணி நேரம்தான்னு சொன்னேன்ல, அது நோயாளிக்கு. இனிமே நாள் முழுக்க இருப்பாரு.”