தொட்டுவிட்டுப் போன மீன்கள்

வாத்து ஒரு பக்கம் கரிந்தும் மறுபக்கம் பச்சையாகவும் அடுப்புக்குள்ளிருந்து வெளியே வந்தது.

லிபுஷெ தட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினாள். வாத்துக் குத்திய கம்பியைச் சுழற்றவேண்டிய சின்ன மோட்டார் சன்னலோரம் உட்கார்ந்து, ஒரு தூண்டில் கழியின் நுனித்துண்டை மெல்ல மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தது. நூல் சுற்றிய இடமெல்லாம் பசை பளபளத்தது.

"அதை இப்போ எடுத்தா பசை ஒரு பக்கமா வழிஞ்சிடும்," என்றார் அவள் கணவர் வெண்டெலீன்.

"வாத்து ஒரு பக்கமா வெந்தா பரவாயில்லையா?"

"வாத்துக்கு நுனியில உணர்ச்சி தேவையில்ல, லிபுஷ்."

"உங்களுக்கு எங்கேயுமே தேவையில்ல போல."

வெண்டெலீன் கரிந்த பக்கத்தை எடுத்துக்கொண்டு, மாவுருண்டையையும் முட்டைக்கோசையும் போட்டு மறைத்துச் சாப்பிட்டார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. அவருக்குக் கோபம் வந்தால் முகம் அப்படியே இருக்கும், காது மட்டும் சிவக்கும். அப்படிச் சிவக்கிற காதை வேறு யாரிடமும் பார்க்க முடியாது.

அந்தக் கோபம் அன்றைக்கு வந்ததல்ல. ஊர் மீன்பிடிச் சங்கம் மாவட்டப் போட்டிக்கு ஆள் பொறுக்கிய இலையுதிர்காலத்தில் வந்தது. இருபது வருஷமாக ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்றவரை விட்டுவிட்டு, அவருடைய மச்சினன் ராடிமை எடுத்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பார். ராடிம் எழுந்து ஆறுதல் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அத்தான் நல்லாத்தான் வீசறாரு. மீன் கடிக்கிறது மட்டும்தான் அவருக்குத் தெரிய மாட்டேங்குது."

கூட்டம் சிரித்தது. வெண்டெலீன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதற்குப்பின் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. சங்கத்தின் அறிவிப்புப் பலகை இருக்கிற தெருவில்கூட எதிர்ப்பக்கமாகத்தான் நடந்தார்.

வசந்தத்தில், அணியில் இருந்த ஒருவர் பனிச்சறுக்கில் காலை உடைத்துக்கொண்டார். ஓர் இடம் காலி. பூதெயோவிட்ஸெ நகரத்திலிருந்து ஷிமூனெக் என்கிற தேர்வாளர் மாதக் கடைசிச் சனிக்கிழமை நேரில் வந்து ஆள் பார்ப்பதாகச் செய்தி. சங்கம் ராடிமுடைய கூட்டாளி ஒருவனைச் சொல்லியிருந்தது. வெண்டெலீன் யாரையும் கேட்காமல் தன் பெயரைத் தானே எழுதி அனுப்பினார்.

"எனக்கா கடி தெரியல? தெரியாதது எனக்கில்ல, கழிக்கு!" என்று அன்றே லிபுஷெயிடம் முழங்கிவிட்டார்.

விஷயம் என்னவென்றால், நிம்ஃப் வைத்துப் பிடிப்பது மற்றத் தூண்டில் மாதிரி அல்ல. நிம்ஃப் என்பது ஒரு கொக்கியில் நூலும் மணியும் கட்டி, ஆற்றடியில் உருளும் பூச்சிக்குஞ்சு போலச் செய்தது. அரிசிமணி அளவுதான். மீன் அதை வாய்க்குள் உறிஞ்சி, பொய் என்று தெரிந்ததும் துப்பிவிடும். மிதவை கிடையாது, மணி அடிக்காது. அந்தக் கண நேர உறிஞ்சல் நூலேறி, கழியேறி, கைக்கு வந்து சேரவேண்டும். கடைக் கழிகள் அதை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன என்பது வெண்டெலீனின் குற்றச்சாட்டு. அதனால் வெறும் கார்பன் குழலை வாங்கி, நூல் ஓடுகிற வளையம், பிடி, ரீல் பூட்டு எல்லாவற்றையும் தானே பொறுக்கித் தன் கையாலேயே கட்டத் தொடங்கினார். பொய்ப்பல் கட்டுவது அவர் தொழில். நுணுக்க வேலைக்குக் கை பழகியிருந்தது.

சோதித்துப் பார்க்க ஆற்றுக்குப் போக முடியாது. பாலத்தின்மேல் எந்நேரமும் ராடிமுடைய ஆள் யாராவது பீர் பாட்டிலோடு சாய்ந்திருப்பான். எனவே பழைய மாவு ஆலைக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க்குப் போனார். அங்கே ஈ காக்கை இல்லை.

முதல் நாளே முகம் மலர்ந்து திரும்பினார்.

"நாலு தரம் தொட்டுச்சு!"

"மீன் எங்கே?"

"தொட்டுச்சுன்னு சொல்றேன்ல."

"தொட்டதை எந்தச் சட்டியில போட்டுப் பொரிக்கறது?"

அதுதான் சிக்கல். தொட்ட மீன் எதுவும் மாட்டவில்லை. வெண்டெலீன் குழல் விற்ற கடைக்குப் போன் போட்டார்.

"ஐயா, உங்க கழி செய்தியைத் தாமதமாத் தருது. மீன் தொட்டுட்டுப் போய் வீட்டுல படுத்தப்புறம் எனக்குச் சொல்லுது!"

"என்ன வளையம் போட்டீங்க?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு கால் வளையம்."

"அதான். ஒவ்வொரு காலுக்கும் நூல் சுத்தணும், பசை பூசணும். நுனி கனத்துப்போகும். ஒத்தைக்கால் வளையம் போடுங்க. டைட்டானியம்."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலையே."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா? நான் பல் கட்டும்போது, மெல்லணுமான்னு கேட்டுட்டா கட்டறேன்?"

வளையமெல்லாம் பிய்த்து, ஒற்றைக்கால் வளையம் கட்டியானது. மோட்டார் மறுபடி சன்னலுக்குப் போனது. அந்த ஞாயிறு லிபுஷெ கோழியைப் பானையில் போட்டு வேகவைத்துவிட்டாள்.

கால்வாயில் இப்போது ஒன்பது தொடுகை. ஒரு மீனும் இல்லை.

"நுனி ரொம்ப மெத்துன்னு இருக்கு. தொட்டது தெரியுது, இழுத்தா கொக்கி ஏற மாட்டேங்குது," என்று நுனியில் நாலு விரற்கடை நறுக்கினார். நறுக்கியதும் கழியின் குணம் மாறிவிட்டது. இழுக்கும்போது கொக்கி மின்னலாகக் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் பின்னாலிருந்த வில்லோ மரத்தில் ஏறியது. அன்று மரம் பிடித்த நிம்ஃப்கள் ஏழு.

அதற்கு மாற்றாகப் பிடியைத் தொட்டார். கைக்கும் கார்பனுக்கும் நடுவில் இத்தனை தக்கை எதற்கு? பல் குடையும் கருவியால் தக்கையைக் குடைந்து, ஆள்காட்டி விரல் நேராகக் குழலைத் தொடும்படி ஒரு சன்னல் திறந்தார். தக்கைத்தூள் சமையலறை எங்கும் பறந்து உப்பு டப்பாவில் இறங்கியது. இப்போது பிடி இலேசாகி, கழி முன்பக்கம் சாய்ந்தது. சாய்வைச் சரிக்கட்டப் பாட்டன் காலத்துக் கனத்த ரீல் ஒன்றைப் பூட்டினார். மணிக்கட்டு வீங்கியது. ஆனால் தொடுகை? எண்ணி முடியவில்லை.

"என் நாடித்துடிப்புகூடத் தெரியுது, லிபுஷ்! மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் பிடிக்கறேன்."

"எத்தனை மீன்?"

"அந்தக் கால்வாய் மீனெல்லாம் படு அயோக்கியப் பயலுங்க! வாயில வாங்குது, ருசி பாக்குது, துப்புது. இப்படி ஒரு அடாவடியை நான் எங்கேயும் பாத்ததில்ல!"

வெள்ளிக்கிழமை ராடிம் அக்காவைப் பார்க்க வந்தவன், சன்னலோரம் கழியைப் பார்த்து எடுத்து ஆட்டினான்.

"அத்தான், இது தூண்டிலா, டாக்டர் நெஞ்சுல வைக்கிற குழாயா?"

"கீழ வைடா."

"கோவிச்சுக்காதீங்க. எங்கே வெச்சுப் பாக்கறீங்க? ஆத்துப் பக்கம் உங்களைக் காணோமே."

"எங்கேயோ. கடி தெரியற இடத்துல."

"சொன்னாத்தான் என்ன?"

"உன் பீர் பாட்டில் பட்டாளத்தோட வந்து நிக்கவா? மச்சான், நாளைக்கு வந்து பாரு, யாருக்குக் கடி தெரியுதுன்னு."

சனிக்கிழமை மலைப்பனி உருகி ஆறு காப்பி நிறத்தில் கரைமுட்ட ஓடியது. தேர்வாளர் ஷிமூனெக் பாலத்தின்மேல் நின்று உதட்டைப் பிதுக்கினார். கம்பீரமான மனிதர். நீருக்குள் மீன் கொட்டாவி விட்டால் பூட்ஸ் வழியாகவே உணர்ந்துவிடுவார் என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு. அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

"இதுல யாரையும் பாக்க முடியாது. அடுத்த வாரம் வெச்சுக்கலாம்," என்றார்.

ராடிமும் கூட்டாளிகளும் நிம்மதியாகப் பீர்க்கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். வெண்டெலீனின் காது சிவந்தது. அடுத்த வாரமா? ஒரு குளிர்காலம் முழுக்க வயிற்றெரிச்சலைச் சுமந்தாயிற்று, இன்னும் ஒரு வாரமா?

"ஐயா, ஆலைக் கால்வாய் மதகுக்குள்ள ஓடறது, ஆத்துக் கலங்கல் ஏறாது. கண்ணாடி மாதிரி இருக்கும். மீன் இருக்கு. ஆனா லேசுப்பட்ட மீன் இல்ல. சாதாரண ஆளுக்குக் கடி தெரியவே தெரியாது," என்றார்.

"சாதாரண ஆளுக்கு" என்ற சொல் ஷிமூனெக்கைத் திருப்பி நிறுத்தியது. "காட்டுங்க," என்றார்.

கால்வாய்க் கரையில் வெண்டெலீன் மூச்சை அடக்கிக்கொண்டு வீசினார். நிம்ஃப் அடியில் உருண்டது.

"தொட்டுச்சு!" இழுத்தார். ஒன்றுமில்லை. "மறுபடி... இதோ! பாத்தீங்களா? பாத்தீங்களா இந்த அநியாயத்தை?"

"கையில குடுங்க," என்றார் ஷிமூனெக்.

அவர் கண்ணை மூடினார். நூல் ஓடி முடிந்தது. மறுபடி வீசினார். அதுவும் ஓடி முடிந்தது.

"தொட்டுச்சா?" என்றார் வெண்டெலீன்.

ஷிமூனெக்கின் மீசை அசைந்தது.

"ம்... தொட்டுச்சு."

"தொட்டுச்சுல்ல!"

"ரெண்டு தரம். நீங்க கவனிக்கல."

"நான் மூணுன்னு நினைச்சேன்."

"மூணாவது கல்லு."

"கல்லு இல்லைங்க ஐயா! கல்லு முட்டும். இது உறிஞ்சுச்சு. ட்ரவுட்டு மீனு."

"ட்ரவுட்டா?" ஷிமூனெக்குக் கோபமே வந்துவிட்டது. "யார்கிட்ட பேசறீங்க? ட்ரவுட்டு வந்தா வெடுக்குன்னு இருக்கும். இது முத்தம் குடுக்கிற மாதிரி இருந்துச்சு. கிரேலிங். நல்ல வயசான கிரேலிங்."

"பின்மதியத்துல கிரேலிங் இந்தப் பக்கம் வராது!"

"வந்திருக்கே! என் விரல்ல இருக்கு!"

இருவரும் மாறி மாறிக் கழியைப் பிடுங்கி, மாறி மாறி உணர்ந்து போட்ட வாய்ச்சண்டை வில்லோ மரத்தைத் தாண்டிக் கேட்டது. கடைசியில் பெரியது ஒன்று ட்ரவுட், சின்னவை எல்லாம் கிரேலிங் என்று சமாதானமானது. ஷிமூனெக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"இந்த மாதிரி ஒரு கழியை நான் கையில பிடிச்சதே இல்ல. மாட்டறது ரெண்டாம் பட்சம். உணர்றவன்தான் மீன்காரன். அணியில இடம் உங்களுக்குத்தான், வெண்டெலீன். இன்னிக்கே தபால்ல போட்டுடறேன். அப்புறம்..." குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கட்டித் தரணும். சன்னலோட."

இலையுதிர்காலத்துச் சிரிப்பு, பாலத்து பீர் பாட்டில்கள், கரிந்த வாத்து எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து ஓடின. வெண்டெலீனின் காதுகூட வெளுத்துவிட்டது. இனிமேல் அறிவிப்புப் பலகை இருக்கிற பக்கமாகவே நடக்கலாம். தன் பெயரை அதில் நின்று படிக்கலாம்.

அப்போது கரையோரமாக ஒரு தள்ளுவண்டி வந்தது. மதகுக் கம்பியில் அடைக்கிற இலையை வாருகிற மனிதர், கிழிந்த ரப்பர் பூட்ஸ், தோளில் நீளப் பல்வாரி. தொப்பியைத் தூக்கி, மீன்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கத்தைச் சொன்னார்.

"பேதுரு துணை!"

"பேதுரு துணை!" என்றார்கள் இருவரும், மீன்காரர்களுக்கே உரிய பெருமிதத்தோடு.

மனிதர் கழியைப் பார்த்தார், நூல் நீரில் இறங்கும் இடத்தைப் பார்த்தார், வண்டியைப் பொத்தென்று கீழே வைத்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அக்டோபர்ல சுவர் பூசறதுக்காகக் கால்வாயை வடிச்சு, கடைசிக் குஞ்சு வரைக்கும் அள்ளி ஆத்துல விட்டுட்டு, மதகு வாயில மீன் ஏறாதபடி வலையும் அடிச்சாங்க, இப்போ மறுபடி மீன் விட்டிருக்காங்கன்னா, மதகைப் பாக்கிற எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாமாய்யா?"