வியர்வை அடங்குவதற்குள்

ஓடுகிறவன் ஒருவன், அவனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் ஊரில் பாதிப் பேர். அந்தப் பாதியில் தலையாயவரைத்தான், வாசகரே, இப்போது உங்களுக்குக் காட்டப் போகிறேன். அவர் சத்து ஆலோசகர். ஓட்டம் தொடங்கும்போது இவரைக் காண முடியாது. ஓடி முடித்து, பையன் இடுப்பில் கைவைத்து இரைக்கும்போது எங்கிருந்தோ முளைத்து நிற்பார். கையில் டம்ளர் இருக்கும். அதற்குள் என்ன என்று கேட்காதீர்கள். அவருக்கே முழுசாகத் தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் இந்த இனத்தின் பிரதிநிதி சுப்பராயன், ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. வாழ்நாளில் அவர் ஓடியது கடைசி வண்டியைப் பிடிக்க ஒரே ஒரு தடவை; அதையும் தவறவிட்டவர். அவர் கையில் வசமாக மாட்டியவன் சின்னராசு. ஏரிக்கரைக் குப்பத்து மீன்பிடிக் குடும்பம், பதினைந்து வயசு, ஒரு மைல் ஓட்டத்தில் அவனை மிஞ்சச் சுற்றுவட்டாரத்தில் ஆளில்லை. திருவள்ளூரில் நடக்கும் ஓட்டத் தேர்வில் முதலாவதாக வந்தால் சென்னையில் விடுதி, சோறு, படிப்பு எல்லாம் இலவசம். சின்னராசுவுக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது: சுப்பராயன் வராத ஊருக்குப் போய்விட வேண்டும்.

"வேர்வை அடங்கறதுக்குள்ள சத்து உள்ள பூடணும்டா. அடங்கிச்சின்னா கதவு சாத்திக்கும்!"

இது அவருடைய வேதம். ஆகவே, சாயங்காலம் பயிற்சி முடிந்ததும், பையன் காற்றுப் பக்கம் திரும்பிவிடாமல் சட்டையைப் பிடித்து நிறுத்தி, பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதன்மேல் ஊறிய கொண்டைக்கடலையைத் திணித்து, அதன்மேல் மாவு கரைத்த பாலை விட்டு, கடைசியில் பாரிமுனை மருந்துக் கடையில் வாங்கிய மீன் எண்ணெயை ஒரு கரண்டி இறக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவார். மூச்சு விட முடியாதவன் சின்னராசு.

ஒருநாள் அவன் தாய் கன்னியம்மா மீன்கூடையோடு மைதானத்துக்கே வந்துவிட்டாள்.

"இன்னா சார், எம்புள்ளைக்கு இன்னாத்த ஊத்திக்கினு கீறே?"

"மீன் எண்ணெய்ம்மா."

"அய்யே! கூடை நெறைய மீனு வச்சிக்கினு கீறேன். அத்த ஆக்கிப் போட்டா ஆவாதா?"

"மீனு வேற, மீன் எண்ணெய் வேற. கூடையில இருக்கறது ருசிம்மா. பாட்டில்ல இருக்கறதுதான் சத்து."

"ஊட்டுக்கு வந்து சோத்தப் பாத்தாலே கொமட்டுதுன்றான். உன்னால பெரிய பேஜாரு சார்!"

சுப்பராயன் புன்னகை செய்தார். இந்த இனத்தாருக்குத் திட்டு உறைக்காது. விவரம் தெரியாத ஜனங்கள் என்று உடனே மன்னித்துவிடுவார்கள். அப்படி மன்னிக்கப்படுவது எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

தேர்வு நாளும் வந்தது. கடைசிச் சுற்றில் சின்னராசு முன்னால். பெரியபாளையத்துப் பையன் அவனுக்குப் பின்னால் நாக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். எல்லைக் கயிறு தெரிந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், பாட்டிலைத் திறந்து, கரண்டியை நிரப்பி, எப்படித் திறக்க வேண்டும் என்று தன் வாயையே ஆவென்று திறந்து காட்டியபடி சுப்பராயன்! பாவம், பையன் என்ன செய்வான்? உயிரைக் கொடுத்து ஓடினால் அந்தக் கரண்டிக்கல்லவா சீக்கிரம் போய்ச் சேருவான்? மனசு ஓடு என்றது. வயிறு வேண்டாம் என்றது. கால்கள் வயிற்றின் பேச்சைக் கேட்டன. ஒரு கணம்தான். பெரியபாளையத்தான் உரசிக்கொண்டு போய்க் கயிற்றை அறுத்தான்.

சின்னராசு மண்ணில் விழுந்து ஓவென்று அழுதான். அழுத வாய் திறந்திருந்தது. சுப்பராயன் கரண்டியை உள்ளே விட்டுவிட்டு, கூட்டத்திலிருந்து ஓடிவந்த கன்னியம்மாவிடம் திரும்பினார்.

"பாத்தியாம்மா, கடைசில தெம்பு பூட்ச்சி! ஒரு கரண்டி பத்தாதுன்னு நான் அப்பவே நெனச்சேன். அடுத்த வருசத்துக்கு ரெண்டா குட்த்துடலாம்."

கன்னியம்மா அதற்குச் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. பக்கத்தில் இருந்திருந்தால் நானும் கூடச் சேர்ந்து சொல்லியிருப்பேன். அவ்வளவு வயிற்றெரிச்சல் எனக்கு.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால், படித்துக்கொண்டே வரும்போது, "பச்சை முட்டையா! அவித்தல்லவா கொடுத்திருக்க வேண்டும்" என்றோ, "கேழ்வரகுக் கஞ்சி கொடுத்திருந்தால் ஜெயித்திருப்பான்" என்றோ உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? கேட்டிருந்தால் தயவுசெய்து உங்கள் தெருப் பெயரைச் சொல்லுங்கள். அங்கே ஓடிப் பழகும் பிள்ளைகளை வேறு தெருவில் ஓடச் சொல்ல வேண்டும்.