கட்டிலுக்கு அடியில் எழுபத்தொரு ரசிகர்கள்

பெரிய பொய் சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது. நான் சொன்னதிலேயே அதிகச் சேதம் விளைவித்த பொய்கூட ஒரே ஒரு சொல்தான்: "வித்துப்போச்சு." இட்லிக் கடைக்காரர் தினமும் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற சொல். நான் ஒரு முறைதான் சொன்னேன். எட்டு வருஷமாகியும் அதைச் சொல்லிக் காட்டாமல் எனக்குப் பந்தியில் யாரும் சாம்பார் ஊற்றுவதில்லை.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு பங்க் ரெக்கார்டு கம்பெனிக்கு முதலாளி. பங்க் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். "கோவமான பாட்டுப்பா. சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றேன். "முடியுதில்ல, அது போதும்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார். கம்பெனியின் பெயர் 'அறுந்த இழை ரெக்கார்ட்ஸ்'. பட்டு நெய்யும் ஊரில் இப்படி ஒரு பெயர் வைத்தால் யாரும் வாழ்த்த மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. (இளமையில் நமக்கு எதெல்லாம் பெருமை.)

கம்பெனியில் ஒரே ஒரு குழு. பெயர் 'கஞ்சித்தொட்டி'. பாடுவதும் கித்தார் வாசிப்பதும் முரளி. பிள்ளையார்பாளையத்துக்காரன், அவன் அப்பாவோடு தறியில் உட்காருகிறவன். டிரம்ஸ் அப்சல். பகலில் அவன் வாப்பாவின் ஹார்டுவேர் கடையில் ஆணி எடை போடுவான். எனக்கு எதுவும் வாசிக்கத் தெரியாது. எதுவும் தெரியாதவன் முதலாளி ஆவதுதானே முறை.

முரளிக்குத் திறமை இருந்தது. இதை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை. பேச்சில் அவன் அமைதி. "அண்ணா, கொஞ்சம் நவுருங்க" என்று சொல்லக்கூட இரண்டு நிமிஷம் தயங்குவான். மைக்கைக் கையில் கொடுத்தால் நரம்பு புடைக்கக் கத்துவான். அந்தக் கத்தலுக்குள் ஒரு ராகம் இருக்கும். முகூர்த்த நாள்களில் சேலை வாங்க வருகிற கார்கள் அவன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான். "காரை எடு, காரை எடு, என் வாசல் என்ன உன் பார்க்கிங்கா?" அவ்வளவுதான் பாட்டு. இரண்டு நிமிஷத்தில் நாற்பது முறை வரும்.

செவிலிமேட்டில் எங்கள் வீட்டு மாடியில் கட்டிக்கொண்டிருந்த அறைக்கு அப்போது கதவு வைக்கவில்லை. எதிரொலி நன்றாக இருந்ததால் அங்கேயே ஆறு பாட்டைப் பதிவு செய்தோம். கேசட்டாக வெளியிடுவது என்று நான் முடிவெடுத்தேன். பங்க் உலகத்தில் இன்றைக்கும் கேசட்டுக்குத்தான் மரியாதை. (காஞ்சிபுரத்தில் அதைப் போட்டுக் கேட்க யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு முதலாளி யோசிக்கலாமா?) பழைய இரட்டை டெக் ஒன்றில் நூறு கேசட்டையும் ஒவ்வொன்றாக நானே நகல் எடுத்தேன். பதினெட்டு நிமிஷப் பாட்டு, நூறு தடவை. ஒரு வாரம் கழித்து அம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே "காரை எடு" பாட ஆரம்பித்துவிட்டாள். சுருதி முரளியைவிடச் சுத்தம்.

மேலட்டைதான் பாக்கி. அச்சடித்தால் எல்லாரையும் போல இருக்கும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சேலையில் மயிலும் மாங்காயும் விழ வேண்டுமென்றால் தறிக்கு மேல் ஓட்டை போட்ட நீள அட்டைகளைச் சங்கிலி மாதிரிக் கோத்து மாட்டுவார்கள். ஒரு அட்டை, சேலையில் ஒரு வரி. ஒரு டிசைனுக்குச் சில நூறு அட்டை. அதில் ஒன்றை மூன்றாக வெட்டினால் மூன்று கேசட்டுக்கு மேலட்டை ஆகும். உலகத்தில் எந்தக் கம்பெனியிடமும் இல்லாத மேலட்டை.

முரளிக்கும் பிடித்துப்போனது. "பரண்ல கழிச்சுப் போட்ட அட்டை ஒரு மூட்டை இருக்குதுபா. எடுத்துக்கோ" என்றான்.

அவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் எடுக்கப் போனேன். ஏணியில் மூன்று படி ஏறினேன். பரண் விளிம்பில் ஒரு பல்லி உட்கார்ந்து என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். இறங்கிவிட்டேன். மாடிப்படிக்கு அடியில் இன்னொரு மூட்டை இருந்தது. அதிலும் பழைய அட்டைதான், அதே தூசிதான். நடுவிலிருந்து முப்பத்து நாலு அட்டையை அறுத்தெடுத்து, மீதியைச் சேர்த்து அழகாக முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன். (அந்த முடிச்சை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவ்வளவு பொறுப்பாகப் போட்டிருந்தேன்.)

சில மேலட்டைகளின் ஓரத்தில் கையால் எழுதிய எண் இருந்தது. 217, 230 என்று. "நூறு கேசட்டுதான போட்டோம், இது இன்னா இருநூத்தி பதினேழு?" என்றான் அப்சல். "லிமிடெட் எடிஷன்" என்றேன். மிஞ்சிய இரண்டு துண்டில் எனக்கு விசிட்டிங் கார்டு செய்துகொண்டேன்.

வெளியீட்டு விழா ஒரு டியூஷன் சென்டரில் நடந்தது. கூட்டத்தில் பாதி, கணக்குப் பாடம் தள்ளிப்போன மகிழ்ச்சியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். அன்றும் அடுத்த இரண்டு வாரத்திலுமாக இருபத்தொன்பது கேசட் போனது. வாங்கியவர்கள் உறவினர்கள், நண்பர்கள், இணையத்தில் பார்த்துக் கேட்ட மூன்று வெளியூர்க்காரர்கள். மீதி எழுபத்தொன்றை அட்டைப்பெட்டியோடு என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பிறகு முரளியைப் பார்க்கப் போனேன். தறியில் இருந்தான். குறுக்கே ஓடும் நாடாவை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"எத்தினி போச்சுபா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் கழுத்தை நீட்டிப் பார்த்த பார்வையில் வேறொன்று வெளியே வந்தது.

"எல்லாம் வித்துப்போச்சு."

"நூறுமா?"

"நூறும்."

அவன் பக்கத்துத் தறியைப் பார்த்து, "நைனா, நூறும் போச்சாம்" என்றான்.

அவன் அப்பா தலையைத் தூக்காமல், "எந்த ஊர்ல?" என்றார்.

அதற்கப்புறம் முரளி வாரத்துக்கு ஒரு பாட்டு எழுதினான். நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்று நம்பினான். நான் கட்டில் விரிப்பைத் தரைவரை தொங்கவிட்டுக்கொண்டேன்.

அவன் அக்கா கோமதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சேலையை வீட்டிலேயே நெய்தார்கள். அவர்கள் அம்மா உயிரோடு இல்லை. அந்த அம்மாவின் கல்யாணச் சேலை முந்தியில் இருந்த அதே மயில் தனக்கும் வேண்டும் என்பது மட்டும்தான் கோமதி அக்கா கேட்டது. உடல் நெய்து முடிந்து, முந்திக்கு அட்டை மாட்ட முரளியின் அப்பா மூட்டையைப் பிரித்தபோது 211ஆம் அட்டைக்கு அடுத்து 246 நின்றது. நடுவில் என் முடிச்சு.

முரளி போன் செய்தான்.

"டேய், எந்த மூட்டையில இருந்து எடுத்த?"

"மாடிப்படிக்குக் கீழ இருந்ததுபா."

"பரண்லனு தான சொன்னேன். படிக்குக் கீழ இருந்தது அக்கா சேலைக்குன்னு நைனா அப்பவே எடுத்து வச்சதுபா."

"பரண்ல பல்லி இருந்துச்சு."

அவன் போனை வைத்துவிட்டான். பல்லிக்காக ஒரு போனை இவ்வளவு வேகமாக யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

நான் அறுத்தது மயிலின் கழுத்தை. டிசைன் வரைந்த தாளைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. துண்டுகள் கிடைத்தால் ஒட்டிப் பார்த்து, அதே ஓட்டைகளைக் குத்திப் புது அட்டை அடித்துவிடலாம். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. முரளியின் அப்பா என்னைத் திட்டவில்லை. "அட்டை வந்தா மயிலு. வரலன்னா வெறும் கோடுதான்" என்றார். கோமதி அக்கா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை.

அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். எழுபத்தொரு துண்டு என் வீட்டிலேயே இருக்கிறது, ஆட்டோவில் பத்து நிமிஷம். ஒரு கம்பெனியின் தோல்வி இவ்வளவு உபயோகமாக இருந்தது வரலாற்றிலேயே கிடையாது. ஆனால் முரளி நோட்டை எடுத்துக்கொண்டு, "வாங்கினவங்க அட்ரெஸ் சொல்லுபா. நூறு பேரையும் புடிச்சுடலாம்" என்றான். நான் இருபத்தொன்பது பேரைச் சொன்னேன். "மீதி எழுபத்தொண்ணு?" என்றான். "கொரியர்காரன்கிட்ட லிஸ்ட் கேட்டுக்கினு இருக்கேன்" என்றேன். மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த மூன்று நாளும் முரளி அப்சலின் பைக்கில் அலைந்தான். வாலாஜாபாத், தென்னேரி, சென்னை. வெளியூர்க்காரர்கள் மூன்று பேருக்கும் நான் செய்தி அனுப்பினேன். தென்னேரியில் அப்சலின் நண்பன் ஒருவன் வாங்கியிருந்தான். ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுக்க அவன் அப்பா அதை வைத்திருந்தாராம். டியூஷன் சார் ஒழுங்காக அலமாரியில் வைத்திருந்தார். கேட்டதும் எல்லாரும் உடனே கொடுத்தார்கள். "எடுத்துக்கோ தம்பி, இதுல இன்னா இருக்குது" என்று கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் செவிலிமேட்டுக்கு வந்து, பையைக் கவிழ்த்தான். இருபத்தாறு கேசட்.

"பாருபா" என்றான். ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினான். மேலே சுற்றிய கண்ணாடித்தாள் அப்படியே இருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"ஒருத்தன்கூட பிரிக்கலபா."

நான் தரையைப் பார்த்தேன்.

"நம்ம ஊருக்காரன் நமக்காக வாங்கினான். பரவால்ல, வுடு. அந்த எழுபத்தொண்ணு பேரு காசு குடுத்து தேடி வாங்கினவனுங்க. அவனுங்க கேட்டுருப்பானுங்க இல்ல?"

ஒரு மனிதன் உண்மையைச் சொல்ல எத்தனையோ நல்ல சமயங்கள் இருந்திருக்கின்றன. நான் அதையெல்லாம் விட்டுவிட்டு இந்தச் சமயத்துக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

"கட்டிலுக்கு அடியில இருக்குது" என்றேன்.

"எது?"

"அந்த எழுபத்தொண்ணு பேரு."

அவன் குனிந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். பெட்டியை வெளியே இழுத்தான். திறந்தான். நான் அடியை எதிர்பார்த்தேன், வசவை எதிர்பார்த்தேன். அவன் ஒவ்வொரு கேசட்டாக எடுத்து, எண் இருக்கிற துண்டு, இல்லாத துண்டு என்று பிரித்து அடுக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு நாளு எதுக்குபா அலையவுட்ட?" என்றான். அவ்வளவுதான்.

சரியாக அந்த நேரம் பார்த்து அம்மா டீ கொண்டுவந்தாள், "காரை எடு, காரை எடு" என்று பாடிக்கொண்டே.

மறுநாள் அவர்கள் தெருவில் அட்டை அடிப்பவர் வீட்டில் உட்கார்ந்தோம். துண்டுகளை மூன்று மூன்றாகச் சேர்ப்பதற்கே ஒரு பகல் போனது. நான் ஓட்டைகளைப் படிக்க வேண்டும், அவர் அடிப்பார். "ஓட்டை, ஓட்டை, இல்ல, ஓட்டை, இல்ல." இரண்டு நாள். என் விசிட்டிங் கார்டு இரண்டையும் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "ரெண்டும் அப்படியே இருக்குதே, யாருக்கும் குடுக்கலியா?" என்றார். வெளியூர்க் கேசட் இரண்டும் கொரியரில் வந்துவிட்டன. கடைசி ஒன்றுதான் வரவில்லை. வடகிழக்கில் ஏதோ மலை ஊர்க்காரர். மேலட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், கூடவே ஒரு செய்தியும்.

போட்டோவை முரளிக்கு அனுப்பினேன். செய்தியை அனுப்பவில்லை.

போட்டோ கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஓரத்து ஓட்டைகளைக் குத்துமதிப்பாக அடித்தோம். மயில் வந்தது, கழுத்தோடு. கழுத்தில் மட்டும் தொண்டைக்கு நேராக ஒரு ஜரிகை இழை தப்பி ஓடியிருக்கும். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். கோமதி அக்கா எல்லாரையும் தெரிந்தவர்களாக ஆக்கிவிட்டார். அந்தச் சேலையைக் கட்டும்போதெல்லாம் முந்தியை விரித்து, "இது இவன் கம்பெனி லேபிளு" என்று விரலால் காட்டுவார்.

கல்யாணம் முடிந்ததும் பாட்டுக்கு உட்காரலாம் என்றோம். "ஆடி போவட்டும்" என்றான் முரளி. அப்புறம், "அப்சலுக்கு கடையில வேலையாம்" என்றான். அப்புறம் நான் கேட்கவில்லை. கம்பெனியை நான் மூடவேயில்லை. திறந்திருந்ததே யாருக்கும் தெரியாததால் மூட வேண்டிய தேவை வரவில்லை.

முரளி வீட்டில் எது காணாமல் போனாலும் இப்போதும் ஒரே பதில்தான். சாவி எங்கே? "அவன் கட்டிலுக்கு அடியில பாரு." போன மாதம் கோமதி அக்காவின் மகளுக்குக் காது குத்தினார்கள். பந்தியில் வடை தீர்ந்துவிட்டது என்று சமையல்காரர் சொன்னதும் மொத்தப் பந்தியும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நானும் வழக்கம்போல எழுந்து கும்பிட்டேன்.

சாப்பிட்டு வெளியே வந்தால், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார். முரளி டிரைவரிடம் போனான். லேசாகக் குனிந்து, "சார், கொஞ்சம் காரை எடுக்கிறீங்களா?" என்றான்.

என் பின்னால் நின்றிருந்த அம்மா, வெற்றிலை மென்றுகொண்டே, அடுத்த வரியை முணுமுணுத்தாள். "என் வாசல் என்ன உன் பார்க்கிங்கா."

முரளி திரும்பிப் பார்த்தான். சிரித்தான். சேர்ந்து பாடவில்லை.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. போனை எடுத்தேன். எட்டு வருஷத்தில் மூன்று போன் மாற்றிவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அந்த மலை ஊர்க்காரரின் செய்தியை மட்டும் ஜாக்கிரதையாக அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். அன்றைக்கே காட்டியிருந்தால் "இதையும் நீயேதான எழுதின?" என்று முரளி கேட்டிருப்பான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டுவிட்டுப் போகட்டுமே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

போனை முரளி கையில் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான். கேசட்டை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள் என்று அந்த ஆள் எழுதியிருந்தார். மூன்றாவது பாட்டைத் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் போடுகிறாராம். ஒரு சொல்லும் புரியவில்லையாம். கார் பற்றியதா என்று கேட்டிருந்தார். பாடியவரிடம் சொல்லுங்கள், அடுத்தது வந்தால் முதல் கேசட் எனக்கு என்று முடித்திருந்தார்.

முரளி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இதையுமா கட்டிலுக்கு அடியில வச்சிருந்த?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று தெரியாமலேயே கோமதி அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன். முரளி மட்டும், அணைந்துபோன திரையை விரலால் தட்டி எழுப்பி, முதலிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தான்.